கறை எண் மூன்று

கிடத்தித்தான் வைத்திருக்கிறோம்.
தொங்கவிட்டால் தோள் தையல் தாங்காது.
அமிலமில்லாத தாளைச் சுருட்டி
இரு கைகளுக்குள்ளும் நுழைத்திருக்கிறேன்,
மடிப்பு விழுந்து நூல் முறியாமலிருக்க.
பதினெட்டு டிகிரி. பாதிக்குப் பாதி ஈரப்பதம்.
வெளியே பெர்கன் நகரத்து மழை
எந்தக் கருவியையும் கேளாமல் பெய்கிறது.

பருத்தி. பதிவேட்டில் வெள்ளை,
கண்ணுக்குப் பழைய பல்லின் நிறம்.
காசநோய் ஆய்வகம், ஐம்பத்தாறாம் வருடம்.
கழுத்துப்பட்டையின் உள்ளே சிவப்பு நூலில் சலவை எண்.
பொத்தான்கள் ஐந்து; நான்காவது மட்டும் வேறு சாதி.

கறைகளை எண்ணியது நான்தான்.
வலது மணிக்கட்டில் ஃபுக்சின் சாயம், இன்னும் ரோஜா.
கீழ் ஓரத்தில், கறை அல்ல,
பன்சன் சுடர் தின்ற துளை; இருந்தும் இரண்டாம் எண்.
மூன்றாவது இடது மார்பில், பைக்குச் சற்று மேலே,
கட்டைவிரல் அகலம், கருநீலம்.
ஜென்ஷியன் வயலெட் என்று எழுதினேன்.
யோசிக்காமல் எழுதினேன்.
இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுதான் வேலை.

செவ்வாய்க்கிழமை தோர்திஸ் மிக்லபுஸ்ட் வந்தார்.
எண்பத்தொன்பது வயது, சொட்டும் மழைக்கோட்டு.
உறையை விலக்கியதும்
முகம் சிவந்துவிட்டது.
"இதைத் துவைக்காமலா வைத்திருக்கிறீர்கள்?"

கொடுங்கள், என்றார்.
கொதிநீரும் சோடாவும் போதும்,
திங்கட்கிழமை கஞ்சி போட்டுத் தேய்த்துத் தருகிறேன்.
கறையைத்தான் காப்பாற்றுகிறோம் என்றேன்.
அதற்குச் சம்பளமும் தருகிறார்களா என்று கேட்டார்.
தருகிறார்கள் என்றேன்.

பிறகு அட்டையைப் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடியும் படித்தார்.
சிரிப்பு அவருக்குள் எங்கிருந்தோ கிளம்பி
கைத்தடி வரைக்கும் வந்து ஆட்டியது.

ஜாம், என்றார்.
ப்ளூபெர்ரி ஜாம்.

ஆய்வகத்துக்குள் ஒரு துண்டு ரொட்டிகூடக் கூடாது.
சளிக் கிண்ணங்கள் வரிசையாய் நிற்கும் மேசை அது.
தலைமைப் பொறுப்பில் ஃபோஸும் அம்மையார்,
இருமலின் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்பவர்.
அங்கே, மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்,
நின்றுகொண்டே ஒரு பன்.

ஏன், என்று நான் கேட்கவில்லை.
அவராகவே சொன்னார்.

அறுநூற்றுப் பதினேழு.
ஆணா பெண்ணா, தெரியாது.
எங்களுக்கு வருவது சளியும் எண்ணும்.
பதினோரு மாதம் அதே எண்,
பதினோரு மாதம் நீலத் தரையில்
அந்தச் சிவப்புக் குச்சிகள்,
யாரோ உடைத்துப்போட்டதுபோல.
ஒரு கண்ணாடித் தகட்டில் நூறு வட்டம் பார்க்க வேண்டும்.
எண்ணி எண்ணி, கண்ணை மூடினாலும் எண்ணுவேன்.
மார்ச்சில் ஒருநாள் ஒன்றுமில்லை.
என் கண் பொய் சொல்கிறது என்று நினைத்தேன்.
அடுத்த தகட்டிலும் இல்லை.
மூன்றாவதில், தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது,
இல்லை.

சொல்ல ஆளில்லை. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.
பசித்தது. அவ்வளவுதான், என்றார்.
அப்படிப் பசித்ததே இல்லை.

கையுறை இல்லாமல் தொடக்கூடாது.
ஒரு விரலை நீட்டி,
கறைக்கு மேலே ஓர் அங்குலம் தள்ளி
காற்றிலேயே நிறுத்தினார்.
நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தொட்டாரா இல்லையா என்று
பதிவேட்டில் எழுத என்னிடம் எதுவுமில்லை.

போகும்போது வாசலில் திரும்பினார்.
அட்டையில் ஜாம் என்று போட்டுவிடாதீர்கள்.
ஃபோஸும் அம்மையார் இறந்து முப்பது வருடம் ஆயிற்றே என்றேன்.
அதனால் என்ன, என்றார்.

ஐம்பத்தேழாம் வருடத்து நோயாளிப் பதிவேடு
மூன்றாம் தளத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கிறது.
அறுநூற்றுப் பதினேழுக்கு எதிரே ஒரு பெயரிருக்கும்,
அதற்குப் பின் என்ன ஆயிற்று என்றும் இருக்கும்.
சாவி என்னிடம்தான்.
இன்றுவரை மாடியேறவில்லை.

அட்டையையும் மாற்றவில்லை.
வயலெட் என்ற சொல்லுக்குப் பின்னால்
ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்,
பென்சிலால்.
மை, இந்த அறைக்குள் கூடாது.